ஹெல்த் இன்சூரன்ஸ் விசாரிக்கும் முன் போனுக்கு ஒரு வேலி

அப்பாவுக்கு அறுபது முடிந்த வருடம் அது. இரவு பத்தரை மணிக்குப் படுக்கையில் சாய்ந்தபடி ஒரு ஒப்பீட்டு இணையதளத்தைத் திறந்தேன். வயது, பின்கோடு எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் மொபைல் எண் கேட்டது. விலை அதற்கு அடுத்த திரையில்தான் தெரியும். சரி, நம்பர்தானே என்று தட்டிவிட்டேன். மறுநாள் காலை ஒன்பதரைக்கு முதல் அழைப்பு. மதியச் சாப்பாட்டுக்குள் ஏழு. நான்காவதாக அழைத்த பெண்ணுக்கு என் அப்பாவின் வயது தெரிந்திருந்தது. அவர் எந்தக் கம்பெனி என்பது எனக்குத்தான் கடைசிவரை புரியவில்லை. இரண்டு வாரம் போனைச் சைலன்டில் போட்டு, கவிழ்த்து வைத்தே வேலை பார்த்தேன். பையனின் பள்ளியிலிருந்து வந்த அழைப்பு ஒன்றும் அதில் தவறிப்போனது.

பிறகு மாமியாருக்கும் தம்பி குடும்பத்துக்கும் பாலிசி எடுத்துக் கொடுத்தபோது வேறு வரிசையில் போனேன். இரண்டுக்கும் சேர்த்து வந்தவை நான்கே அழைப்புகள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். சுருக்கம் இதுதான்: எல்லோரும் முதலில் கொடுக்கும் போன் நம்பரை, நீங்கள் கடைசியில் கொடுங்கள்.

ஏன் இப்படி மொய்க்கிறார்கள்

உங்கள் பெயர், வயது, எண் மூன்றும் சேர்ந்த ஒரு வரிக்கு இந்தத் தொழிலில் 'லீட்' என்று பெயர். ஹெல்த் பாலிசி ஒருமுறை எடுத்தவர் பெரும்பாலும் அதையே வருடாவருடம் புதுப்பிப்பார். புதுப்பிக்கும்போதும் விற்றவருக்கு வருமானம் உண்டு. ஆகவே விசாரித்த சூடு ஆறுவதற்குள் உங்களைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். பேசுகிற பையனுக்கோ பெண்ணுக்கோ மாத டார்கெட் தலைக்கு மேல் தொங்கும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

விலையைக் காட்டும் பொத்தானுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'நான் டிஎன்டியில் (விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் பட்டியலில்) பதிந்திருந்தாலும் இந்த நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் போன், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் வழியாக என்னைத் தொடர்புகொள்ளலாம்' என்பது அதன் சாரம். பொத்தானை அழுத்துவதே சம்மதம். 'கூட்டாளிகள்' என்ற சொல்லில்தான் வில்லங்கம் இருக்கிறது. அது இருவரா, இருபது பேரா என்று அந்த வரியில் இருக்காது.

1. விசாரிக்கும் முன்பே டிஎன்டி

உங்கள் போனிலிருந்து 1909 என்ற எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பூஜ்யம் போட்டு அனுப்பினால் எல்லா வகை விளம்பரங்களும் தடை செய்யப்படும். 1909ஐ அழைத்தும் சொல்லலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி ஆப்பிலும், உங்கள் சிம் கம்பெனியின் ஆப்பிலும் இதே வசதி உண்டு. வங்கி, இன்சூரன்ஸ் விளம்பரங்களை மட்டும் தடுக்க விரும்பினால் அதற்குத் தனி வகையே இருக்கிறது. ஆப்பில் தேர்ந்தெடுப்பது சுலபம். ஓடிபி, வங்கிக் கணக்குத் தகவல் போன்றவை இதனால் நிற்காது, பயப்பட வேண்டாம்.

அப்பா அம்மா போனிலும் இதைச் செய்துவிடுங்கள். என் அப்பா யாரிடமும் முகத்தில் அடித்தாற்போல் பேசமாட்டார். ஒருமுறை நாற்பது நிமிடம் ஒரு டெலிகாலரிடம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

நீங்களே ஒரு படிவத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால் அந்த நிறுவனத்துக்கு எதிராக டிஎன்டி கைகொடுக்காது. ஆனாலும் நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தை முடிப்பதற்காக நீங்கள் மறைமுகமாகக் கொடுத்த சம்மதம் 7 நாள்தான் செல்லும் என்று 2025 பிப்ரவரியில் டிராய் விதியைத் திருத்தியது. மாதக்கணக்கில் துரத்துகிறவரிடம் இதைச் சொல்லலாம்.

2. நம்பர் இல்லாமலே பாதி வேலை முடியும்

பிரீமியம் எவ்வளவு என்பதைத்தான் நாம் முதலில் தேடுகிறோம். உண்மையில் அது கடைசிக் கேள்வி. ஒரு தாளை எடுத்து, குடும்பத்தில் யார் யார், வயது, யாருக்குச் சுகர், பிரஷர், எப்போது என்ன ஆபரேஷன் நடந்தது என்று எழுதுங்கள். எத்தனை லட்சத்துக்கு வேண்டும், குடும்பம் முழுவதற்கும் ஒரே ஃப்ளோட்டர் பாலிசியா, பெற்றோருக்குத் தனியா என்பதையும் முடிவு செய்யுங்கள். உங்கள் ஊரில் நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஒருமுறை நேரில் நின்று, எந்தக் கம்பெனிகளின் கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் கம்பெனியே மருத்துவமனைக்குக் கட்டுவது) இங்கே சிக்கல் இல்லாமல் நடக்கிறது என்று கேளுங்கள். எந்த இணையதளமும் சொல்லாத பதில் அங்கே இரண்டு நிமிடத்தில் கிடைக்கும். உங்களிடம் போன் நம்பரும் கேட்க மாட்டார்கள்.

பிறகு கம்பெனிகளின் சொந்த இணையதளத்துக்குப் போங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனமான யுனைடெட் இந்தியா, தனியாரில் ஸ்டார் ஹெல்த், நிவா பூபா, கேர் என்று எதுவானாலும் 'டவுன்லோட்ஸ்' பகுதியில் ஒவ்வொரு பாலிசிக்கும் ப்ராஸ்பெக்டஸும் (விளக்கக் கையேடு) பாலிசி வாசகமும் பிடிஎஃப் ஆக இருக்கும். இறக்கிக்கொள்ள எண் தேவையில்லை. பல ப்ராஸ்பெக்டஸ்களின் கடைசிப் பக்கங்களில் வயதுவாரியாகப் பிரீமியப் பட்டியலே இருக்கும். படிவத்தை நிரப்பித் தெரிந்துகொள்ள நினைத்த விலை அங்கேயே கிடக்கும்.

அந்தப் பிடிஎஃப்பில் பார்க்க வேண்டியவை: ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் (சட்டப்படி 3 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது; குறைவாக இருக்கலாம்), அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா, கோ-பேமென்ட் (பில்லில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு) எத்தனை சதவீதம். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே விதிகளோடு விற்கவேண்டும் என்று கொண்டுவரப்பட்டது அது. விதிகள் ஒன்றே என்பதால் விலையை மட்டும் ஒப்பிடலாம்.

இப்படிப் பார்த்துப் பட்டியலை இரண்டு அல்லது மூன்று பாலிசிகளாகக் குறைத்த பிறகுதான் யாரிடமும் எண் கொடுக்க வேண்டும்.

3. எந்த எண்ணைக் கொடுப்பது

வீட்டில் பயன்படுத்தாத சிம் ஒன்று இருந்தால் அதுதான் இப்போது தங்கம். இரண்டாவது சிம் ஸ்லாட்டில் போட்டு, விசாரணைக்கெல்லாம் அதையே கொடுங்கள். அதற்கு மட்டும் ரிங்டோனை நிறுத்தி வைக்கலாம். மாலையில் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும். ஈமெயிலும் அப்படியே, இதற்கென்று தனியாக ஒன்று.

சிலர் வாயில் வந்த பத்து இலக்கத்தைத் தட்டிவிடுவார்கள். செய்யாதீர்கள். பெரும்பாலும் ஓடிபி கேட்கும், வேலைக்கு ஆகாது. ஓடிபி கேட்காத இடத்தில் அந்த எண் வேறு யாருடையதாகவோ இருக்கும். அந்தப் பாவப்பட்ட மனிதர் இரண்டு வாரம் போனைக் கவிழ்த்து வைக்க வேண்டியிருக்கும்.

படிவத்தில் 'வாட்ஸ்அப்பில் தகவல் பெறுக' என்ற பெட்டி முன்கூட்டியே டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அதிகத் தளங்களில் நிரப்பாமல் ஒன்றோடு நிறுத்துங்கள். தளத்துக்கு ஒரு கூட்டம் கிளம்பும் என்பதால் மூன்று தளம் மூன்று மடங்கு தொல்லை.

4. அழைப்பு வந்துவிட்டது, என்ன பேசுவது

முதலில் எண்ணைப் பாருங்கள். 140ல் தொடங்கினால் அது பதிவுசெய்யப்பட்ட விளம்பர அழைப்பு. 1600ல் தொடங்குவது வங்கி, இன்சூரன்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரைச் சேவைக்காக அழைக்கும் வரிசை. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து, நீங்கள் கேட்காமலே பாலிசி விற்க வந்தால் அது விதிமீறல். புகார் எப்படிக் கொடுப்பது என்று கீழே சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பிரச்சினை உண்டு. முடியாது என்று சொல்ல நமக்கு வாய் வராது. 'பார்க்கலாம்', 'வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்', 'இப்போ பிஸி, அப்புறம் கூப்பிடுங்க' என்போம். நமக்குள் பேசிக்கொள்ளும்போது இதெல்லாம் மறுப்பு என்பது எல்லோருக்கும் புரியும். மறுமுனையில் உள்ளவரின் திரையில் இதற்கு 'கால் பேக்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு தட்டு தட்டிவிடுவார். நாளை அதே நேரத்துக்கு மறுபடி மணி அடிக்கும். எடுக்காமல் விட்டாலும் இதே கதைதான், 'பதில் இல்லை' பட்டியலில் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். ஹிந்தியில் பேசுகிறார்களே என்று 'தமிழ் தெரிஞ்சவங்களைக் கூப்பிடச் சொல்லுங்க' என்றீர்களானால் முடிந்தது. நீங்களே விருப்பம் தெரிவித்ததாகக் கணக்கு.

'பாலிசி எடுத்தாச்சு' என்பது பலரும் சொல்லும் பொய். சில நாள் அமைதி கிடைக்கும். அப்புறம் 'எந்தக் கம்பெனி சார்? ரினியூவல் எப்போ? போர்ட் பண்ணிக்கலாமே' (பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்வது) என்று அடுத்த சுற்று தொடங்கும்.

நான் சொல்வது இரண்டே வாக்கியம்: "எனக்குத் தேவையில்லை. இந்த எண்ணை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள், அழைக்க நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்." குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, அழைத்தவரின் பெயரையும் நிறுவனத்தையும் கேட்டுத் தேதியோடு குறித்துக்கொள்வேன். திட்டினால் அது ஒரு உரையாடலாகிவிடும். பத்து நிமிடம் போய்விடும்.

நீங்கள் எதிர்பார்த்த அழைப்பு என்றால் பேச்சு வேறு. கம்பெனியின் ஊழியரா, ஏஜென்ட்டா, புரோக்கரா என்று கேளுங்கள். உரிம எண் கேளுங்கள். ஒழுங்கான ஏஜென்ட் தயங்காமல் கொடுப்பார். பிறகு, "விலையையும் பாலிசி வாசகத்தையும் மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டு நானே அழைக்கிறேன்" என்று முடித்துவிடுங்கள். மெயில் அனுப்பாமல் மறுபடி போனே செய்கிறவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

அவசரப்படுத்தும் வசனங்கள் சில திரும்பத் திரும்ப வரும். "இன்னைக்கு மட்டும்தான் சார் இந்த ரேட்." பிரீமியம் என்பது கம்பெனி முறைப்படி நிர்ணயித்த அட்டவணை; போனில் பேசுகிறவர் நினைத்தபடி மாற்ற முடியாது. விலை ஏறும் உண்மையான நாள் பெரும்பாலும் உங்கள் பிறந்தநாள்தான், வயது அடுத்த படிக்குப் போகும்போது. "என் கமிஷன்ல இருந்து உங்களுக்குக் கொஞ்சம் திருப்பித் தர்றேன்." 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41ஆவது பிரிவு இதைத் தடை செய்கிறது, அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகும். அப்புறம் ஜிஎஸ்டி. தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது. இன்னும் அதைச் சேர்த்து விலை சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

5. "சுகர் இருக்கிறதைப் போட வேண்டாம் சார்"

தொல்லை என்பது ஒரு பக்கம். இந்த அழைப்புகளில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. போனிலேயே விவரம் கேட்டு, விண்ணப்பப் படிவத்தை அவர்களே நிரப்புவார்கள். நீங்கள் சுகர் என்று சொன்னதும் குரல் கொஞ்சம் தணியும். "மாத்திரையில கண்ட்ரோல்ல இருக்குல்ல? அப்போ அதைப் போட வேண்டாம், மெடிக்கல் டெஸ்ட் கேப்பாங்க, லேட் ஆகும்." பிறகு ஓடிபி வரும். "அப்ரூவலுக்குத்தான், சொல்லுங்க" என்பார்கள். நீங்கள் சொல்லும் அந்த ஆறு இலக்கம் உங்கள் கையெழுத்து. நோயை மறைத்தது விற்றவர் என்று பிற்பாடு நிரூபிப்பது பெரும்பாடு. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர். க்ளெய்ம் போகும்போது பழைய மருந்துச் சீட்டு ஒன்றில் அந்தச் சுகர் எட்டிப் பார்க்கும். க்ளெய்ம் தள்ளுபடி. பாலிசியே ரத்தாகலாம். தொடர்ந்து 5 ஆண்டு புதுப்பித்த பிறகுதான், மோசடி என்று நிரூபித்தாலொழியக் கம்பெனி இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

அதனால் போன் பேச்சில் விண்ணப்பத்தை முடிக்காதீர்கள். நிரப்பிய படிவத்தை மெயிலில் வாங்கி, மருத்துவக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் விழுந்திருக்கிறது என்று பார்த்த பிறகே ஓடிபி. "அனுப்ப முடியாது, சிஸ்டம்ல இருக்கு" என்றால் போனை வைத்துவிட்டுக் கம்பெனி இணையதளத்தில் நீங்களே நிரப்புங்கள். ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

6. இவை விற்பனை அழைப்பே இல்லை

"ஐஆர்டிஏஐ ஆபீஸ்ல இருந்து பேசறோம், உங்க பழைய பாலிசிக்குப் போனஸ் வந்திருக்கு" என்றால் உடனே துண்டியுங்கள். ஹைதராபாத்தில் உள்ள அந்த ஒழுங்குமுறை ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் அறிவிப்பதும் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று போனில் பணம் கேட்பவரும் இதே ரகம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான அந்தத் திட்டத்தில் பயனாளி பிரீமியம் கட்டத் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் சந்தேகமாக இருந்தது என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியில் பதியலாம்.

7. சொல்லியும் நிறுத்தாதவர்கள்மேல் புகார்

அழைப்பு வந்த 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். டிராய் டிஎன்டி ஆப்பில் அந்த அழைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் 1909க்கு எஸ்எம்எஸ்: என்ன விற்க வந்தார்கள் என்று ஒரு வரி, காற்புள்ளி, அழைத்த எண், காற்புள்ளி, தேதி. பதிவு செய்யாத சாதாரண எண்ணிலிருந்து விற்பவர்மேல் புகார் கொடுக்க நீங்கள் டிஎன்டியில் பதிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை.

நான் ஒருவன் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுகிறோம். ஒரே எண்ணின்மேல் 10 நாளில் 5 புகார் சேர்ந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது இப்போதைய கணக்கு. முதல் முறை 15 நாள் அந்த எண்ணிலிருந்து யாரையும் அழைக்க முடியாது. மீண்டும் செய்தால் ஓராண்டு இணைப்பே துண்டிக்கப்படும். ஐந்தில் ஒன்று உங்களுடையதாக இருக்கட்டும்.

தொல்லை தருவது கம்பெனியின் சொந்த ஆள் அல்லது ஏஜென்ட் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மெயில். பதில் சரியில்லை என்றால் ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளம், அல்லது 155255 எண். பொய் சொல்லிப் பாலிசியைத் தலையில் கட்டியிருந்தாலும் இதே வழிதான்.

8. பாலிசி கைக்கு வந்தபின்

முடிவு செய்து வாங்கும்போது விண்ணப்பத்தில் உங்கள் நிரந்தர எண்ணையே கொடுங்கள். இரண்டாவது சிம் எண்ணைப் போட்டு, பின்னால் அதற்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் புதுப்பிக்கும் நினைவூட்டலும் க்ளெய்ம் தகவலும் காற்றில் போகும்.

பாலிசி கிடைத்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். அதிலிருந்து 30 நாள் 'ஃப்ரீ லுக்' காலம்: பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், கழிந்த நாட்களுக்கான தொகை ஆகியவை போக மிச்சம் திரும்ப வரும். பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம், அது உங்கள் உரிமை. போனில் சொன்னதும் தாளில் இருப்பதும் ஒன்றா என்று அந்த 30 நாளுக்குள் பார்த்துவிடுங்கள்.

ஒரு வருடம் ஓடி, புதுப்பிக்கும் தேதி நெருங்கும்போது 'எங்க கம்பெனிக்குப் போர்ட் பண்ணுங்க' என்று மறுபடி மணி அடிக்கும். அப்போது அழைப்பு எந்தச் சிம்முக்கு வந்தது என்று பாருங்கள். இரண்டாவது சிம்முக்கு என்றால் போன வருட லீட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிம்மைக் கழற்றி வைத்தால் தீர்ந்தது. பாலிசியில் மட்டுமே கொடுத்த எண்ணுக்கு, உங்கள் புதுப்பிக்கும் தேதியையும் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தால் தகவல் விற்றவர் பக்கமிருந்தோ கம்பெனி பக்கமிருந்தோதான் கசிந்திருக்கும். அழைத்த எண், நேரம், அவர் சொன்ன தேதி மூன்றையும் எழுதிக் குறைதீர் அதிகாரிக்கு அன்றே மெயில் போடுங்கள்.